தனிப்பட்ட நடைப்பிணம்

இவர்களுக்கு யார் சொன்னது?

மகள் சொல்லியிருக்க மாட்டாள், அவளுக்கே தெரியாது. பங்குச் சாமியாரிடமும் சொன்னதில்லை, இது பாவத்தில் சேருமா என்று நிச்சயமில்லாததால். குளியலறைக் கண்ணாடிக்கு மட்டும் தெரியும். காலையில் பல் துலக்கி நிமிரும்போது அதில் தெரிகிற முகத்துக்கு வெரோனிகா வைத்திருந்த பெயர் அது. கணவர் இறந்துபோனதிலிருந்து அப்படித்தான். வாய்விட்டு ஒருநாளும் கூப்பிட்டதில்லை. இப்போது அது ஓர் அட்டையில் அச்சாகி, பிளாஸ்டிக் உறைக்குள் நுழைந்து, ஊதா நாடாவில் அவள் கழுத்திலேயே தொங்குகிறது.

அட்டையின் மேலே ஓர் ஆர்க்கிட் பூ. அதற்குக் கீழே ஆங்கிலத்தில், பிரைவேட் வாக்கிங் டூர். அதற்கும் கீழே தடித்த எழுத்தில் தமிழில்: 'தனிப்பட்ட நடைப்பிணம்.'

"கார்டு ஓகேவா ஆன்ட்டி? நாடா கழுத்தை அறுக்குதா?" என்று கேட்டாள் வழிகாட்டிப் பெண்.

"இல்லம்மா. சரியாத்தான் இருக்கு" என்றாள் வெரோனிகா.

வழிகாட்டியின் பெயர் சுஷ்மிதா. முப்பது வயதிருக்கும். அவள் கழுத்து அட்டையில் 'பயிற்சி நடைப்பிண வழிகாட்டி' என்று இருந்தது. அவளுக்குப் பின்னால் கையில் டேப்லெட்டுடன், சலவை மடிப்புக் கலையாத சட்டையில் ஓர் இளைஞன் நின்றிருந்தான். டெரன்ஸ். 'நடைப்பிணத் தர அதிகாரி.' மூவரும் லிட்டில் இந்தியா ரயில் நிலைய வாசலில் நின்றார்கள். போவோர் வருவோர் யாரும் அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. தமிழ் தெரிந்தவர்கள் அவசரத்தில் இருந்தார்கள். தெரியாதவர்கள் ஆர்க்கிட் பூவைப் பார்த்தார்கள்.

மருத்துவமனையில் நர்ஸாக வேலை பார்த்த பழக்கம் வெரோனிகாவுக்கு. அச்சடித்த காகிதத்தில் என்ன இருக்கிறதோ, அதுதான் நோயாளி. நோயாளி மறுத்துச் சொன்னால் அதையும் ஓர் அறிகுறியாக எழுதிக்கொள்வார்கள். அதனால் அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவகையில் நிம்மதியாகக்கூட இருந்தது. யாரோ ஒருவராவது கண்டுபிடித்துவிட்டார்கள்.

சிங்கப்பூருக்கு அவள் வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. மகள் ஜோவன்னாவின் வீடு புக்கிட் மேராவில், உயரமான அடுக்குமாடியில். மகள் வேலைக்குக் கிளம்பியதும் வெரோனிகா ஜன்னலுக்குப் போவாள். கீழே பேருந்துகள் வரும், போகும். ஜன்னலிலிருந்து வாசலுக்கு வருவாள். இரும்புக் கதவின் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்ப்பாள். மறுபடி ஜன்னல். தூத்துக்குடியில் வேலைக்காலம் முழுக்கக் கட்டிலுக்குக் கட்டில் நடந்த கால்கள். அவற்றுக்கு நிற்கத் தெரியவில்லை; போகவும் ஓர் இடமில்லை.

"சும்மா இரும்மா. ரெஸ்ட் எடு" என்பாள் மகள்.

ரெஸ்ட் என்பது வெரோனிகாவுக்குத் தெரிந்தவரை மற்றவர்களுக்கு எழுதித் தருவது.

அம்மா வீட்டுக்குள் நடக்கும் சத்தத்தை ஜோவன்னா கவனித்திருக்க வேண்டும். பிறந்தநாளுக்கு ஒரு ஜோடி ஷூவும், நகர்நடை அனுபவ வாரியத்தின் தனி நடை ஒன்றும் வாங்கித் தந்தாள். ஷூ அம்மாவின் பழைய அளவு. வயதோடு சேர்ந்து பாதமும் பெருத்திருப்பது மகளுக்குத் தெரியாது. வெரோனிகா சொல்லவில்லை. சின்ன வலிகளை வெளியே சொல்லும் வழக்கம் அவளிடமிருந்து எப்போதோ போய்விட்டிருந்தது.

டெரன்ஸ் அவள் மணிக்கட்டில் ஒரு கறுப்புப் பட்டையை மாட்டினான்.

"மேடம், இது வியப்புமானி. நீங்க ஆச்சரியப்பட்டா பல்ஸ் ஏறும்லா, அதை எடுத்து எனக்கு அனுப்பும். நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். ஆச்சரியப்பட்டா போதும்."

ஒரு பயணி வியக்காமல் திரும்பினால் அந்த நடை நடந்ததாகவே கணக்கில் வராது என்பது வாரியத்தின் கொள்கை. அதற்காக வட்டாரம் முழுவதும் நடைபாதையில் மஞ்சள் வட்டங்கள் ஒட்டியிருந்தார்கள். அவற்றுக்கு வியப்புப் புள்ளிகள் என்று பெயர். ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் இரண்டு பாதச் சுவடுகள். பயணி அவற்றின்மேல் ஏறி நிற்க வேண்டும். வழிகாட்டி உரையைச் சொல்லி முடிக்கும்வரை இறங்கக்கூடாது. இன்று சுஷ்மிதாவுக்கு இறுதித் தேர்வு. பயணி வியந்தால் அவளுக்கு உரிமம்.

"சாங்கி ஏர்போர்ட்ல கார்கோ செக்‌ஷன்ல இருந்தேன் ஆன்ட்டி" என்று நடக்கும்போது மெதுவாகச் சொன்னாள் சுஷ்மிதா. "எப்பவும் நைட் ஷிஃப்ட். என் பையன் ஸ்கூலுக்குக் கிளம்பறப்ப நான் தூங்கப் போவேன். இந்த லைசென்ஸ் கிடைச்சா பகல்ல வேலை. ப்ளீஸ் ஆன்ட்டி, கொஞ்சம் நல்லா வியந்துடுங்க."

"பாக்கேம்மா" என்றாள் வெரோனிகா.

முதல் புள்ளி பஃபலோ சாலையில், ஒரு பூக்கடைக்கு முன்னால். வெரோனிகா சுவடுகளின்மேல் ஏறி நின்றாள். சுஷ்மிதாவின் முதுகு நிமிர்ந்தது. அதுவரை அவளிடம் இல்லாத ஒரு குரல் அவளுக்குள்ளிருந்து வந்தது.

"அன்புமிக்க பயணியே! தாங்கள் காண்பது மல்லிகை. நறுமணம் மிக்க இம்மலரை இந்தியப் பெண்கள் நாரில் தொடுத்துக் கூந்தலில் சூடுவர். இதனைத் தாங்கள் இதற்கு முன்னர் கண்டதுண்டா?"

"உண்டு" என்றாள் வெரோனிகா.

டெரன்ஸ் தொண்டையைச் செருமினான். "மேடம், அதுக்கு ஆன்சர் 'இல்லை'."

"எங்க தெருவுக்கே தினம் பூக்காரி வருவா தம்பி."

"புரியுது மேடம். ஆனா 'உண்டு'ன்னு சொன்னா அடுத்த லைனுக்குப் போக முடியாது."

பூக்கடைக்காரர் தொடுப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். "அக்கா, தூத்துக்குடியா? பேச்சு அப்படித் தெரியுதே."

"அண்ணே" என்றான் டெரன்ஸ், வருத்தத்துடன். "உங்களுக்குப் பேசற பார்ட் இல்ல. ஸ்மைல் மட்டும்தான்."

கடைக்காரர் புன்னகைத்தார். ஒப்பந்தப்படி, பற்கள் தெரியாமல். வெரோனிகா 'இல்லை' என்றாள். அடுத்த வரியில் மல்லிகை வெண்மையானது என்று தெரியவந்தது.

டெரன்ஸ் டேப்லெட்டைப் பார்த்தான். விரலால் தட்டினான். அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பட்டையைக் குலுக்கினான். "ரீடிங் கோடு மாதிரி நேரா இருக்கு" என்றான். "மூவ்மென்ட்டே இல்ல."

வெரோனிகா அவனுக்கு மறுபுறம் திரும்பி, பட்டைக்குச் சற்று மேலே இரண்டு விரல்களை வைத்துப் பார்த்தாள். நாடி இருந்தது. சீராக, எதையும் எதிர்பார்க்காமல், பழைய அலுவலகக் கடிகாரம்போல ஓடிக்கொண்டிருந்தது. அட்டையில் எழுதியிருப்பதும் கருவி காட்டுவதும் ஒத்துப்போகின்றன என்று நினைத்துக்கொண்டாள். நல்ல வார்டுகளில் அப்படித்தான் இருக்கும்.

இரண்டாம் புள்ளியின் பெயர் இனிய குழப்பம். கடைவீடுகளுக்கு இடையே ஒரு சந்து. அங்கே பயணி இந்தியாவின் நெரிசலை உணர்ந்து இலேசாகத் திகைக்க வேண்டும் என்பது திட்டம். ஆனால் சந்தைக் கழுவித் துடைத்து, தொட்டிகளில் செடி வைத்து, நடுவில் யாரும் நிற்காதபடி செய்துவிட்டார்கள். ஆகவே விளக்குக் கம்பத்தில் ஒரு பெட்டியைப் பொருத்தியிருந்தார்கள். சுஷ்மிதா அதன் பொத்தானை அழுத்தினாள். ஆட்டோ ஹாரன்கள் கேட்டன. கோயில் மணி ஒன்று. பிறகு ஒரு மாடு.

"திகைக்கிறீர்களா பயணியே?" என்றாள் சுஷ்மிதா, எழுத்துத் தமிழில்.

மாடு இரண்டாம் முறை கத்தியது. முதல் முறை கத்தியதுபோலவே. வெரோனிகா முயன்று பார்த்தாள். இடது ஷூவுக்குள் சுண்டுவிரல் எரிந்தது. அதைத் தவிர உடம்பில் எங்கும் எதுவும் நடக்கவில்லை.

"நானும் ஃபர்ஸ்ட் டைம் வியக்கல மேடம்" என்று டெரன்ஸ் ஆறுதலாகச் சொன்னான். "கோர்ஸ் போனேன். இப்போ பழகிடுச்சு."

கோர்ஸ் என்றதும் அவன் முகம் தெளிந்தது. வீட்டில் அப்பா தமிழிலும் அம்மா ஆங்கிலத்திலும் திட்டுவார்கள் என்றும், ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப் பூசைக்கே போவதாகவும், அங்கே எழுந்து நிற்பதும் உட்காருவதும் தெளிவாக இருப்பது தனக்குப் பிடிக்கும் என்றும் சொன்னான். அவனை வெறுக்க வெரோனிகாவால் முடியவில்லை. இரவுப் பணிக்குப் புதிதாக வரும் இளம் டாக்டர்கள் இப்படித்தான் இருப்பார்கள். நோயாளியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பயத்தோடு பார்ப்பார்கள்.

"இனி தேக்காவுக்குள்ள போலாம் ஆன்ட்டி" என்றாள் சுஷ்மிதா.

"சுஷ்மிதா" என்றான் டெரன்ஸ். "அப்ரூவ்ட் நேம்."

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். இங்கே பிறந்த எல்லோரும் அந்தச் சந்தைக் கட்டடத்தைத் தேக்கா என்றுதான் சொல்கிறார்கள். அது பயணிகளுக்குப் புரியாது என்பதால் வாரியம் எளிமையாக்கியிருந்தது. "மன்னிக்கவும். நாம் இப்பொழுது வட்டார உணவு மற்றும் ஈரச்சந்தை அனுபவ வளாகத்துக்குள் நுழைகிறோம்."

அங்கே ஒரு மேசையில் வாழை இலை விரித்திருந்தது. பக்கத்தில் கையுறை அணிந்த ரமீஸ் என்ற பயிற்சியாளர் நின்றார். கையால் உண்ணுதல், தொடக்க நிலை. வெரோனிகா நிற்க வேண்டிய சுவடுகள் மேசைக்கு முன்னால் இருந்தன. நாற்காலி இல்லை.

"முதலில் பயப்படாதீர்கள்" என்று தொடங்கினார் ரமீஸ். "விரல்கள் நமது இயற்கையான கரண்டி. பெருவிரல் தள்ளும். மற்றவை ஏந்தும். சாதத்தையும் பருப்பையும் அறிமுகப்படுத்துங்கள். அவசரப்படுத்தாதீர்கள்."

வெரோனிகா சாதத்தைப் பிசைந்து ஒரு வாய் உண்டாள். ரமீஸ் தலையைச் சாய்த்துப் பார்த்தார். சுண்டுவிரல் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதாகவும், பிசைந்தது கூடுதல் என்றும், உருண்டை அங்கீகரிக்கப்பட்ட அளவைவிடப் பெரிது என்றும் சொன்னார். அவள் கையைப் பிடித்துத் திருத்தினார். அந்தப் பிடியில் உருண்டை உதிர்ந்து இலையில் விழுந்தது.

"பரவாயில்லை" என்றார் பெருந்தன்மையுடன். "வெளிநாட்டவர்களுக்கு முதலில் சிரமமாகத்தான் இருக்கும்."

டெரன்ஸ் 'மேலும் பயிற்சி தேவை' என்று பதிந்துகொண்டான். கோடு நேராகவே போய்க்கொண்டிருந்தது. சுஷ்மிதாவின் நெற்றியில் வேர்வை துளிர்த்திருந்தது.

"எங்கயாவது கொஞ்சம் உக்காரலாமா தம்பி?" என்று கேட்டாள் வெரோனிகா.

"இது வாக்கிங் மேடம். உட்கார்றது வேற பேக்கேஜ்." அவன் கைபேசி ஒலித்தது. மேலிடம். பட்டை பழுதா, பயணி பழுதா என்று மேலிடம் கேட்டது. டெரன்ஸ் ஒரு காதைப் பொத்திக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனான்.

அவன் முதுகு மறைந்ததும் சுஷ்மிதா அவள் கையைப் பிடித்தாள். "வாங்க ஆன்ட்டி, சீக்கிரம்."

மீன் விற்கும் வரிசையைத் தாண்டி, ஈரத்தரையில் வழுக்காமல், மறுகோடியில் ஒரு டீக்கடை. மஞ்சள் வட்டம் இல்லாத இடம். சுஷ்மிதா ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். வெரோனிகா உட்கார்ந்தபோது பாதங்களிலிருந்து வலி ஒரு பெருமூச்சுபோல மேலே ஏறி வந்தது.

நுரைக்க இழுத்து ஆற்றிய தே தாரிக் டீ இரண்டு வந்தது. சுஷ்மிதா கோப்பையைப் பார்த்தபடி சொன்னாள்: "ஃபெயில்தான்னு நினைக்கிறேன் ஆன்ட்டி. உங்க தப்பு இல்ல. எனக்கே மல்லிகையைப் பார்த்து ஆச்சரியமா இல்ல."

வெரோனிகாவுக்குச் சங்கடமாக இருந்தது. தன்னிடமிருந்து வராத ஒன்றுக்காக இந்தப் பெண் தண்டனை அனுபவிக்கப் போகிறாள். ஏன் வரவில்லை என்பதையாவது சொல்லிவிட வேண்டும் போலிருந்தது.

"நீ தமிழ் வாசிப்பியாம்மா?"

"ஸ்கூல்ல படிச்சேன். வாசிப்பேன். ஆனா பார்க்க மாட்டேன் ஆன்ட்டி. போர்டுல தமிழ் இருந்தா, 'ஓ, தமிழ் இருக்கு'ன்னு ஒரு சந்தோஷம். அவ்வளவுதான். யாரு நின்னு வாசிக்கிறா?"

"இப்ப வாசி."

சுஷ்மிதா தன் அட்டையைத் திருப்பி எழுத்துக் கூட்டினாள். "ந... டைப்... பி... ணம். நடைப்பயணம்தானே?"

"பயணம் இல்ல. பிணம். உசுரு போயிட்டு, ஆனா நடந்துக்கிட்டு இருக்கு. அதுதான் நடைப்பிணம்."

சுஷ்மிதாவின் வாய் திறந்தபடி நின்றது. "ஜோம்பியா?"

"அது என்னன்னு எனக்குத் தெரியாது."

"செத்தவங்க எந்திரிச்சு நடப்பாங்களே ஆன்ட்டி, படத்துல! அப்போ நீங்க பிரைவேட் ஜோம்பி. நான்..." அவள் தன் அட்டையை மறுபடி பார்த்தாள். "ஐயோ. நான் ஜோம்பி கைடு! டெரன்ஸ் ஜோம்பி குவாலிட்டி! போன வாரம் அமைச்சகத்துல இருந்து வந்தாங்க ஆன்ட்டி, அவங்க எல்லாருக்கும் மாட்டி விட்டேனே, நானே என் கையால!"

"கௌரவ நடைப்பிணம்னு போட்டிருந்துச்சா?"

"சிறப்பு! சிறப்பு நடைப்பிணம்!"

சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று வெரோனிகாவுக்குத் தெரியவில்லை. முதலில் விலாவில் ஒரு வலிபோல. பிறகு தேநீர் மூக்கில் ஏறியது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நிறுத்த முயன்றாள், சுஷ்மிதா 'சிறப்பு' என்று இன்னொருமுறை சொன்னாள், மறுபடி வெடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டபோது ஒரு பயம் அவளைத் தொட்டது. பூட்டிப்போட்ட அறைக்குள் யாரோ பாத்திரத்தை உருட்டிய சத்தம் கேட்டால் வருகிற பயம். அப்படியானால் உள்ளே யாரோ இருக்கிறார்கள்.

"மாட்டிக்கிட்ட ஒருத்தர்கூடவா வாசிக்கல? எல்லாருக்கும் தெரியும்லா, பிணம்னா என்னன்னு."

"ஆன்ட்டி! நீங்களும் லா சொல்றீங்க. சிங்கப்பூர்க்காரி ஆயிட்டீங்க."

"எங்க ஊர்ல பொறந்ததுல இருந்து சொல்லுதோம்லா."

மணிக்கட்டில் பட்டை கூவத் தொடங்கியது.

சுஷ்மிதா சட்டென்று தோளில் தொங்கிய முதலுதவிப் பையைத் திறந்து ஒரு பிளாஸ்டரை எடுத்தாள். உறையைக் கிழித்து, வெரோனிகாவின் அட்டையில் அந்தச் சொல்லின்மேல் ஒட்டினாள். "இதைப் போட்டுக்கிட்டு நீங்க நடக்கக்கூடாது ஆன்ட்டி. பார்த்துட்டேன், இனி எப்படி விட முடியும்?"

டெரன்ஸ் ஓடி வந்தான். டேப்லெட் திரை முழுக்கச் சிவப்பாக இருந்தது.

"சிஸ்டம்லயே இவ்வளவு ஹை ரீடிங் வந்ததில்ல!" என்றான் மூச்சிரைக்க. பிறகு சுற்றிப் பார்த்தான். தரையில் வட்டம் இல்லை. சுவடு இல்லை. ஸ்டூல் இருந்தது. அவன் முகம் மாறியது. "இது புள்ளியே இல்லையே. அனுமதியில்லாத இடத்துல வியந்திருக்கீங்க மேடம்." அப்புறம் பிளாஸ்டரைப் பார்த்தான். "இது என்ன?"

"காயம்" என்றாள் சுஷ்மிதா.

டெரன்ஸ் விஷயத்தைக் கேட்டு மேலிடத்துக்குச் சொல்லிவிட்டு, இருவரையும் அங்கேயே கூட்டிப்போனான். வாரியத்தின் அலுவலகம் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தது. படி ஏறும்போது ஷூ இரண்டும் கடித்தன. சுவர்களில் பெரிய பதாகைகள்: நடைப்பிணங்களை வரவேற்கிறோம். எங்கள் நகரம், உங்கள் நடைப்பிணம். வாருங்கள், குடும்பத்தோடு நடைப்பிணமாவோம். மேசைக்குப் பின்னால் இயக்குநர் ரெங்கசாமி எழுந்து நின்று கைகூப்பினார். அவர் மேடைத் தமிழ் பேசுபவர். எதிரில் ஒருவர் இருந்தாலும் அது மேடைதான்.

"அம்மையார் அவர்களே, வருக. தமிழ் எங்கள் மூச்சு. மூச்சை யாராவது உற்றுப் பார்ப்பார்களா? மாட்டார்கள். அதுபோல் நாங்களும் தமிழைப் பார்ப்பதில்லை. அது பாட்டுக்கு நடக்க வேண்டும் என்பதே எங்கள் அவா."

வெரோனிகா நின்றுகொண்டிருந்தாள். அறையில் பார்வையாளருக்கான நாற்காலி ஒன்று சுவரோரம் இருந்தது. அதை யாரும் நகர்த்தவில்லை.

"அந்தச் சொல்லைப் பற்றி ஐயம் எழுந்ததாக அறிகிறேன்" என்றார் ரெங்கசாமி. "அதன் வரலாற்றைத் தாங்கள் அறிய வேண்டும். முதலில் அது நடைப்பயணமாகத்தான் இருந்தது. அச்சகத்தில் ஒரு 'ய' விடுபட்டுவிட்டது. நடைப்பணம் ஆயிற்று. எங்கள் துணைக்குழு உடனடியாகக் கூடியது. பணம் என்னும் சொல் வாரியத்தின் நற்பெயருக்குப் பொருந்தாது. மக்கள் தவறாக எண்ணுவார்கள். எழுத்தைச் சேர்க்க வேண்டுமானால் அட்டையின் அகலத்தை மாற்ற வேண்டும். ஆகவே இருக்கிற இடத்திலேயே 'ப'வுக்கு ஒரு மேல்விலங்கு போட்டு 'பி' ஆக்கினோம். பணம் போயிற்று. பிரச்சினை தீர்ந்தது."

"பிணம் வந்திருச்சே சார்" என்றாள் வெரோனிகா.

"அதை யாரும் கவனிக்கவில்லை. எங்கள் மொழிக் குழுவில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்களை நாங்கள் சேர்ப்பதில்லை அம்மையார். தெரிந்தவர்கள் ஆளுக்கு ஒரு பிழை சொல்வார்கள், முடிவு எட்டாது. என்னையே தலைமை தாங்கத்தான் அழைத்தார்கள்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்பொழுது பேருந்துகளில் போட்டாயிற்று. அடுத்த மாதம் மொழி நல்லிணக்கத்துக்காக ஒரு விருது வருகிறது. இந்தக் கட்டத்தில் அது பிழையாக இருக்க முடியாது."

அப்போதுதான் அவர் குரலைத் தாழ்த்தினார். வேண்டுகோள் வருவதை வெரோனிகா உணர்ந்தாள். டாக்டர்களும் இப்படித்தான் குரலைத் தாழ்த்துவார்கள், கையெழுத்து வேண்டியிருக்கும்போது.

"பிழை என்றால் திருத்த வேண்டும். வட்டார வழக்கு என்றால் பாதுகாக்க வேண்டும். பாதுகாக்க எங்களிடம் வழி இருக்கிறது. திருத்த இல்லை. தாங்களோ தூத்துக்குடி. அசல். ஒரே ஒரு காணொளி. 'எங்கள் ஊரில் பயணியை நடைப்பிணம் என்றுதான் சொல்வோம். நானும் ஒரு நடைப்பிணம். மகிழ்ச்சியான நடைப்பிணம்.' அவ்வளவே. சொல்லிவிட்டால் இந்தப் பெண் அட்டையைச் சிதைத்தது பயணியின் மருத்துவத் தேவை என்று ஆகிவிடும். இன்றே உரிமம். சொல்லாவிட்டால், அனுமதி பெற்ற எழுத்தை மறைத்த குற்றம். பிறகு அவரை எந்த நடைக்கும் அனுப்ப இயலாது."

டெரன்ஸ் ஏற்கெனவே கைபேசியைத் தாங்கியில் பொருத்திவிட்டிருந்தான். அவள் முன்னால் தரையில் ஒரு மஞ்சள் வட்டத்தை ஒட்டினான். புதிது, ஓரம் இன்னும் சுருண்டிருந்தது.

வெரோனிகா சுஷ்மிதாவைப் பார்த்தாள். சுஷ்மிதா தன் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு சென்டன்ஸ்தானே ஆன்ட்டி" என்றாள் கடைசியில், தலை நிமிராமல். "யாரு வாசிக்கிறா, யாரு கேக்கப் போறா. சொல்லிடுங்க லா."

சொல்லிவிடலாம். வெரோனிகா சுவடுகளின்மேல் ஏறி நின்றாள். முதல் வரி பொய், அது பெரிதில்லை. மகளிடம் தினமும் 'நல்லா இருக்கேன்' என்று சொல்கிறவளுக்குப் பொய் ஒரு தடையில்லை. இரண்டாம் வரிதான் சிக்கல். அது பொய்யில்லை என்று இவ்வளவு காலம் நம்பியிருந்தாள். தினம் காலையில் கண்ணாடியைப் பார்த்து மனசுக்குள் எவ்வளவு சுலபமாக வந்த சொல். இப்போது டெரன்ஸ் விரலை உயர்த்தி 'போகலாம்' என்று காட்டுகிறான். சொல் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுக்கிறது.

வார்டில் ஒருவர் போய்விட்டார் என்று யாரும் சும்மா எழுதிவிட மாட்டார்கள். கழுத்தில் விரல் வைப்பார்கள். கண்ணில் வெளிச்சம் அடிப்பார்கள். நெஞ்சில் குழல் வைத்து நெடுநேரம் கேட்பார்கள். கேட்ட பிறகும் சில டாக்டர்கள் கொஞ்சம் காத்திருப்பார்கள், ஒருவேளை என்று. எத்தனை பேருக்கு அவள் பக்கத்தில் நின்று அதைப் பார்த்திருக்கிறாள். தன் விஷயத்தில் மட்டும் யாரும் சோதிக்கவில்லை. அவளே, எதையும் தொட்டுப் பார்க்காமல், ஒரு காலைநேரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

"சொல்லுங்கள் அம்மையார்" என்றார் ரெங்கசாமி. "ஒளிப்பதிவு ஓடுகிறது."

ஷூவுக்குள் சுண்டுவிரல் விண் விண்ணென்று தெறித்தது. வலது குதிகால் தனியாக, வேறொரு தாளத்தில். அவள் அதைக் கேட்டாள். குழல் வைத்துக் கேட்பதுபோல நன்றாகவே கேட்டாள்.

"எனக்குக் கால் வலிக்கு சார்" என்றாள்.

டெரன்ஸ் டேப்லெட்டில் தேடினான். "மேடம், அது ஸ்கிரிப்ட்ல இல்லையே."

"இல்ல தம்பி. நான் நெறைய பாத்திருக்கேன். பிணத்துக்குக் கால் வலிக்காது."

கைபேசியின் சிவப்புப் புள்ளி கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது. சுவரோரத்தில் ஏதோ கரகரத்தது. சுஷ்மிதா அந்த நாற்காலியைத் தரையில் இழுத்துக்கொண்டு வந்தாள். மஞ்சள் வட்டத்தின் நடுவில் போட்டாள். அதன் பின்னால் போய் நின்றாள்.

"உட்கார்றது வேற பேக்—" என்று தொடங்கிய டெரன்ஸ், ஏனோ முடிக்கவில்லை.

வெரோனிகா கழுத்திலிருந்து ஊதா நாடாவைக் கழற்றினாள். அட்டையை, எழுத்துள்ள பக்கம் கீழே இருக்கும்படி, மேசையில் வைத்தாள்.

"அம்மையார், ஒரே ஒரு முறை" என்றார் ரெங்கசாமி.

அவள் உட்கார்ந்து, குனிந்து, இடது ஷூவின் கயிற்றை அவிழ்த்தாள். பிறகு வலதை.